குவெரிக்கு நல் அனுப்பினால் ஏன் ஒரு பதிவும் வருவதில்லை?

கேள்வி இதுதான்: பணியாளர் டேபிளில் மேலாளர் ஐடியைக் கொடுத்துத் தேடும் ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இருக்கிறது. அப்ளிகேஷனிலிருந்து 42 என்று அனுப்பினால் அந்த மேலாளருக்குக் கீழே வேலை செய்பவர்கள் வருகிறார்கள். மேலாளரே இல்லாதவர்களைப் பார்க்க நல் (null, மதிப்பு இல்லை என்ற குறி) அனுப்பினால் ஒன்றும் வரவில்லை, எரரும் இல்லை. டேபிளைத் திறந்து பார்த்தால் அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அப்ளிகேஷனையும் டேட்டாபேஸையும் இணைக்கும் டிரைவர் நல்-ஐச் சரியாக அனுப்பவில்லையா?

அதெல்லாம் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறது. 'மேலாளர்_ஐடி = ?' என்று எழுதி அந்தக் கேள்விக்குறிக்கு நல் கொடுத்தால், டேபிளில் என்ன இருந்தாலும் ஒப்பீட்டின் விடை 'தெரியாது' என்றுதான் வரும். குவெரிகளை எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய், தெரியாது என்று மூன்று விடைகள் உண்டு. நிபந்தனையை எழுதும் 'வேர்' (WHERE) பகுதி 'உண்மை' என்று வந்த பதிவுகளை மட்டும்தான் உள்ளே விடும். நல் = நல் என்பதற்கும் விடை 'தெரியாது'தான். அதனால் எரர் வர வேண்டிய அவசியமே இல்லை. கேட்ட கேள்விக்கு டேட்டாபேஸ் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டது.

இந்த மாதிரிக் கோளாறு என்னிடம் வந்தால் குவெரியைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கோடில் இந்த நல் எதைச் சொல்கிறது? டேட்டாபேஸில் நல் என்றால் அந்த இடத்தில் மதிப்பு இல்லை, அவ்வளவுதான். அப்ளிகேஷன் கோடில் அதன் தலையில் மூன்று வேலையைக் கட்டிவிடுகிறோம். மதிப்பு இல்லாத பதிவுகளைத் தேடு என்பது ஒன்று. பயனர் இந்த வடிகட்டியைத் தொடவில்லை, அதனால் எல்லாவற்றையும் காட்டு என்பது இன்னொன்று. அப்டேட் செய்யும்போது இந்த ஃபீல்டை அப்படியே விட்டுவிடு என்பது மூன்றாவது. மூன்றுக்கும் எழுத வேண்டிய எஸ்க்யூஎல் வேறு வேறு. எது என்று முடிவு செய்யாமல் வேரியபிளை அப்படியே பாராமீட்டரில், அதாவது அந்தக் கேள்விக்குறி இடத்தில், போட்டால் தப்பாகத்தான் போகும்.

உங்களுடையது முதல் வகை. அதற்குச் சுலபமான வழி கோடிலேயே ஒரு இஃப் போடுவது: மதிப்பு இருந்தால் 'மேலாளர்_ஐடி = ?', இல்லாவிட்டால் 'மேலாளர்_ஐடி இஸ் நல்'. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் எந்த டேட்டாபேஸிலும் ஓடும். ஒரே வரியில் வேண்டுமென்றால் நல்லையும் மதிப்பாக எடுத்துக்கொண்டு ஒப்பிடும் ஆபரேட்டர்கள் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸில் 'இஸ் நாட் டிஸ்டிங்ட் ஃப்ரம்', மைஎஸ்க்யூஎல்லில் '<=>', எஸ்க்யூஎல்லைட்டில் வெறும் 'இஸ்' போதும். எஸ்க்யூஎல் சர்வரில் 2022 பதிப்பிலிருந்துதான் 'இஸ் நாட் டிஸ்டிங்ட் ஃப்ரம்' உண்டு. ஒரு எச்சரிக்கை: நான் வேலை செய்த போஸ்ட்கிரெஸ் பதிப்புகளில் 'இஸ் நாட் டிஸ்டிங்ட் ஃப்ரம்' வழக்கமான இண்டெக்ஸைப் (டேபிள் முழுவதையும் படிக்காமல் தேட உதவும் பட்டியல்) பயன்படுத்தவில்லை; 'இஸ் நல்' பயன்படுத்தியது. சின்ன டேபிளில் இது தெரியாது, பெரிய டேபிளில் தெரியும். அதனால்தான் எனக்கு அந்த அழகில்லாத இஃப் மேல் நம்பிக்கை.

ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற வெப் ஃப்ரேம்வொர்க்குகளில் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. அங்கே வடிகட்டிக்கு நல் கொடுத்தால், நமக்காக எஸ்க்யூஎல் எழுதித் தரும் ஓஆர்எம்மே 'இஸ் நல்' என்று மாற்றி எழுதிவிடும். அதே ஆள் ஒரு நாள் நேரடி எஸ்க்யூஎல் எழுத உட்காரும்போதுதான் திண்டாட்டம்.

அடுத்து இரண்டாவது வகை, விருப்பத் தேர்வு வடிகட்டி. தேடல் திரையில் துறை, ஊர், சேர்ந்த தேதி என்று ஐந்தாறு பெட்டிகள் இருக்கும், பயனர் இரண்டை மட்டும் நிரப்புவார். எல்லாரும் முதலில் எழுதுவது இப்படித்தான்: '(? இஸ் நல் ஆர் துறை = ?)'. இரண்டு கேள்விக்குறிக்கும் ஒரே மதிப்பு. விடை சரியாக வரும், அதில் சந்தேகம் இல்லை. சிக்கல் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, டைப். போஸ்ட்கிரெஸில் (அங்கே கேள்விக்குறிக்குப் பதில் $1) தனியாக நிற்கும் '$1 இஸ் நல்' என்பதற்குப் பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. அது எண்ணா, எழுத்தா, தேதியா என்று ஊகிக்க வழியில்லாமல், பாராமீட்டரின் டைப்பைத் தீர்மானிக்க முடியவில்லை என்று எரர் கொடுக்கும். 'காஸ்ட்($1 அஸ் டெக்ஸ்ட்) இஸ் நல்' என்று டைப்பைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று, வேகம். குவெரியை ஒரு முறை தயார் செய்து பலமுறை ஓட்டும்போது, அதை எப்படி ஓட்டுவது என்ற ஒரே திட்டத்தை டேட்டாபேஸ் மறுபடி மறுபடி பயன்படுத்தப் பார்க்கும். அந்தத் திட்டம் துறை நிரப்பியிருந்தாலும் நிரப்பாவிட்டாலும் சரியான விடை தர வேண்டும். அதனால் துறைக்கு நல்ல இண்டெக்ஸ் இருந்தும் டேபிள் முழுவதையும் படிக்கும் நிலை வரலாம். போஸ்ட்கிரெஸ் முதல் ஐந்து முறை கொடுத்த மதிப்புகளைப் பார்த்துத் தனித்தனியாகத் திட்டம் போடும். அதற்குப் பிறகு பொதுத் திட்டத்தின் மதிப்பிட்ட செலவு அவற்றின் சராசரியைவிட ரொம்ப அதிகமில்லை என்றால் பொதுத் திட்டத்துக்கு மாறிவிடும். 'முதலில் வேகமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் மெதுவாகிவிட்டது' என்று யாராவது சொன்னால் நான் சந்தேகப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. 12-ஆம் பதிப்பிலிருந்து 'பிளான்_கேஷ்_மோட்' என்ற அமைப்பில் தனித் திட்டத்தையே கட்டாயமாக்கலாம். எஸ்க்யூஎல் சர்வரில் குவெரியின் கடைசியில் 'ஆப்ஷன் (ரீகம்பைல்)' சேர்த்தால், ஒவ்வொரு முறையும் அன்றைய மதிப்புகளை வைத்துத் தேவையில்லாத நிபந்தனைகளைக் கழித்துவிட்டுத் திட்டம் போடும்.

இன்னொரு குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது: 'துறை = கோஅலெஸ்(?, துறை)'. கோஅலெஸ் என்பது நல் அல்லாத முதல் மதிப்பைத் தரும். நல் வந்தால் துறையைத் துறையோடே ஒப்பிடும், எப்போதும் உண்மைதானே என்ற கணக்கு. துறை நல்-ஆக இருக்கும் பதிவில் அது உண்மையாகாது, மறுபடி 'தெரியாது'தான். வடிகட்டியே போடாத தேடலில் துறை ஒதுக்கப்படாத ஆட்கள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் மோசமான விஷயம். தயவுசெய்து இதைத் தவிருங்கள்.

என்னைக் கேட்டால், நிரப்பிய பெட்டிகளுக்கு மட்டும் நிபந்தனை சேர்த்துக் குவெரியைக் கோடில் கட்டுவதுதான் நல்லது. நிபந்தனை வாசகங்கள் நாம் முன்பே எழுதி வைத்த நிலையான துண்டுகள். மதிப்புகள் வழக்கம்போல பாராமீட்டர்களாகவே போகும். 'குவெரியைக் கோடில் கட்டக் கூடாது, இன்ஜெக்ஷன் (பயனர் தந்த எழுத்தே குவெரியாக ஓடிவிடுவது) வரும்' என்று ஒரு பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. பயனர் கொடுத்த மதிப்பை வாசகத்தில் ஒட்டினால்தான் அந்த ஆபத்து. அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அப்படி ஒட்டும் கோடுகளில்தான் மேற்கோளுக்குள் 'நல்' என்ற சொல்லே பெயராகச் சேமிக்கப்பட்டிருப்பதையும் பார்க்கலாம். அப்புறம் 'இஸ் நல்' போட்டாலும் அந்தப் பதிவு கிடைக்காது.

மூன்றாவது வகையில்தான் தகவலே அழியும். பணியாளர் விவரத்தைத் திருத்தும் ஏபிஐ ஒன்று இருக்கிறது. மொபைல் ஆப் முகவரியை மட்டும் அனுப்புகிறது. அது அனுப்பும் ஜேசன் தரவில் தொலைபேசி என்ற கீயே (ஃபீல்டின் பெயரே) இல்லை. சர்வரில் அதை ஒரு கிளாஸில் ஏற்றும்போது தொலைபேசி நல் ஆகிவிடும். அப்டேட் குவெரி எல்லா ஃபீல்டையும் எழுதுகிறது என்றால், முகவரியை மாற்றிய ஆளின் தொலைபேசி எண் காலி. இதைத் தடுக்க 'தொலைபேசி = கோஅலெஸ்(?, தொலைபேசி)' என்று எழுதினால், நல் வந்தால் பழையது அப்படியே இருக்கும், ஆனால் எண்ணை நீக்க நினைப்பவருக்கு இனி வழியே இல்லை. கீ வரவில்லை என்பதும், கீ வந்து அதில் நல் இருக்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள். ஜேசன் மெர்ஜ் பேட்ச் என்ற ஆர்எஃப்சி 7396 இதைத் தெளிவாகவே பிரிக்கிறது: வராத கீயைத் தொடாதே, நல் வந்தால் நீக்கிவிடு. உங்கள் கோடிலும் எந்தெந்தக் கீகள் வந்தன என்பதைத் தனியாக வைத்துக்கொண்டு, வந்தவற்றை மட்டும் அப்டேட்டில் சேருங்கள்.

இன்சர்ட்டிலும் இதே கதைதான். நிலை என்ற ஃபீல்டுக்கு டிஃபால்ட்டாக (எதுவும் தராதபோது வரும் மதிப்பாக) 'புதியது' என்று வைத்திருப்பீர்கள். பாராமீட்டரில் நல் அனுப்பினால் டிஃபால்ட் வரும் என்று நினைக்க வேண்டாம். நல்-ஏ சேமிக்கப்படும், அல்லது 'நாட் நல்' கட்டுப்பாடு இருந்தால் எரர் வரும். டிஃபால்ட் வேண்டுமென்றால் அந்த ஃபீல்டைக் குவெரியிலேயே சேர்க்கக் கூடாது. ஆரக்கிள் 12சி-யில் 'டிஃபால்ட் ஆன் நல்' என்று இதற்காகவே ஒரு வசதி வந்தது.

டிரைவர்கள் பக்கம் வந்தால் மொழிக்கு மொழி ஒரு குணம். பைத்தானில் 'நன்' (None) அனுப்பினால் போதும், நல்-ஆகப் போய்விடும். சி ஷார்ப்பில் எஸ்க்யூஎல் சர்வருக்கு வெறும் நல் கொடுத்தால், அந்தப் பாராமீட்டரையே தரவில்லை என்று எரர் வரும், 'டிபிநல்.வேல்யூ' தர வேண்டும். ஸ்டோர்டு புரொசீஜரில் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்த நிரல்) அந்தப் பாராமீட்டருக்கு டிஃபால்ட் இருந்தால் எரர்கூட வராமல் டிஃபால்ட் போய் உட்கார்ந்துகொள்ளும். டாப்பர் என்ற லைப்ரரியைப் பயன்படுத்தினால் இதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் நோடில் மைஎஸ்க்யூஎல்2 பேக்கேஜின் எக்ஸிகியூட்டுக்கு அன்டிஃபைன்டு (மதிப்பே வைக்கப்படாதது) அனுப்பினால் முகத்திலடித்தாற்போல எரர். போஸ்ட்கிரெஸுக்கான பிஜி பேக்கேஜோ அதைச் சத்தமில்லாமல் நல்-ஆக மாற்றிவிடும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தாலும் அன்டிஃபைன்டுதானே வரும்?

ஜாவாவில் இரண்டு பக்கமும் பள்ளம். இன்டிஜர் வேரியபிளில் நல் இருக்கும்போது 'செட்இன்ட்' கூப்பிட்டால், குவெரி போவதற்கு முன்பே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வந்துவிடும். 'செட்நல்' கூப்பிட்டு டைப்பையும் சொல்ல வேண்டும். திரும்பப் படிக்கும்போது 'கெட்இன்ட்' நல்லுக்கு 0 தரும். உடனே 'வாஸ்நல்' கேட்காவிட்டால், மேலாளர் இல்லாதவருக்கு 0 என்ற ஐடியில் ஒரு மேலாளர் முளைத்துவிடுவார். அந்த 0-வையே அடுத்த குவெரிக்குப் பாராமீட்டராக அனுப்பும் கோடும் இருக்கிறது. ஆரக்கிளில் இன்னொன்று: காலி ஸ்ட்ரிங்கும் நல்லும் அங்கே ஒன்றுதான், அதனால் 'பெயர் = ?' என்பதற்குக் காலி ஸ்ட்ரிங் அனுப்பினாலும் எதுவும் வராது.

பட்டியலாக அனுப்பும் இடத்தையும் பாருங்கள். பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் 'நாட் இன்' பட்டியலில் ஒரே ஒரு நல் நுழைந்துவிட்டால் மொத்தக் குவெரியும் காலியாகத் திரும்பும். பட்டியலைக் கட்டும்போதே நல்-ஐ வடிகட்டுங்கள். பட்டியல் சப்குவெரியாக (குவெரிக்குள் இன்னொரு குவெரியாக) இருந்தால் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுங்கள்.

உங்கள் குவெரியை மாற்றிய பிறகு டெஸ்ட் டேட்டாவில் மேலாளர் நல்-ஆக இருக்கும் ஒரு ஆளையாவது சேர்த்துவிட்டு, மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள்: ஒரு ஐடியோடு, மேலாளர் இல்லாதவர்கள் வேண்டும் என்று, வடிகட்டியே இல்லாமல். மூன்றாவதில் வரும் எண்ணிக்கை டேபிளின் மொத்த எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ ஒரு கோஅலெஸ் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.