ரைசன் 5 5600-ஆ, 5600ஜி-யா? கிராபிக்ஸ் கார்டு எப்போது வாங்குவீர்கள் என்பதைப் பாருங்கள்

கேள்வி: புது டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறேன். ஏஎம்டி-யின் ப்ராசஸர்களான ரைசன் 5 5600, 5600ஜி இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். கிராபிக்ஸும் சேர்ந்தே வருகிற 5600ஜி-தானே லாபம்? கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

பதில்: கார்டு சில மாதங்களில் வந்துவிடும் என்றால் 5600 வாங்குங்கள். வருமா என்பதே சந்தேகம் என்றால் 5600ஜி. இடைப்பட்ட நிலையில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

இரண்டிலும் இருப்பது ஜென் 3 என்ற ஒரே வடிவமைப்பின் கோர்தான், ஆனால் சில்லு வேறு. 5600-இல் எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், 32 எம்பி. 5600ஜி-யில் அதில் பாதி, 16 எம்பி. கேஷில் இல்லாத தகவலுக்கு ப்ராசஸர் ரேம் வரை போய்வர வேண்டும். ப்ராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அந்தச் சோதனை பெரிய கேஷை அவ்வளவாக நாடாததால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும். கேம்களில், நல்ல கார்டு போட்ட பிறகுதான் 5600 முந்துவது தெரியும். ஒப்பீடுகளைப் படிக்கும்போது 1080பி அளவில் எடுத்த எண்களைப் பாருங்கள். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற சராசரியோடு, மிகவும் இறங்கிய ஒரு சதவீத ஃபிரேம் கணக்கையும் (1% low) பாருங்கள். 4கே-யில் கார்டே திணறுவதால் ப்ராசஸர் வித்தியாசம் மறைந்துபோகும்.

இன்னொன்று, கார்டை ப்ராசஸரோடு இணைக்கும் பாதையான பிசிஐஇ-யில் 5600 4.0 பதிப்பைத் தரும், 5600ஜி 3.0 மட்டுமே தரும். 4.0 வசதியுள்ள பி550 போர்டு போட்டாலும் அது மாறாது. குறைந்த விலைக் கார்டுகளுக்குத்தான் இதில் அடி அதிகம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு அந்தப் பாதையின் வெறும் 4 லேனில் ஓடுகிறது, 3.0-இல் அவற்றின் வேகமும் பாதியாகிவிடும். அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் விட்டுவிட்டு ஓடும். 5600ஜி-யோடு இந்தக் கார்டைச் சேர்க்கவே வேண்டாம். 8 லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600-க்கு இழப்பு குறைவு.

5600ஜி-தான் என்று முடிவெடுத்தால் ரேமில் கஞ்சத்தனம் கூடாது. உள்ளிருக்கும் வேகா கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்குபோடும். 3200 வேக டிடிஆர்4 ஒரே ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு ஸ்டிக் என்றால் 51.2 ஜிபி. கடையில் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கை நீட்டினால் வாங்காதீர்கள். 8 ஜிபி இரண்டாகக் கேளுங்கள். 4 ஸ்லாட் போர்டில் பெரும்பாலும், ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி, 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில் போட வேண்டும். போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேமும் பெரும்பாலும் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். டாஸ்க் மேனேஜர் 16 ஜிபி-க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், மீதி கிராபிக்ஸுக்கு ஒதுக்கப்பட்டது.

5600 வாங்குபவர்கள், கார்டு இல்லாமல் மானிட்டரில் எதுவும் வராது என்பதை மறக்காதீர்கள். ஃபேன் சுற்றும், மதர்போர்டின் எச்டிஎம்ஐ மட்டும் உயிரில்லாமல் இருக்கும். போர்டு பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். பழைய பி450 போர்டு என்றால், எந்த ப்ராசஸராக இருந்தாலும் பயாஸை முதலில் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

பின்னாளில் 5600ஜி-யைக் கழற்றி 5600 போடுவதாக இருந்தால், கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிய பின் கூலரின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். குளிர்ந்திருக்கும்போது நேராக இழுத்தால் தெர்மல் பேஸ்ட் பிடிப்பில் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளைந்துவிடும்.