ஒழுக்கம், இழுக்கம்: கேட்டதும் சொன்னதும்

மன்னார்குடியிலிருந்து: ஐயா, ஒழுக்கக்கேடு என்றால் சரியான பொருள் என்ன?

'ஒழுகு' என்பதிலிருந்து வந்தது ஒழுக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஒழுகுவதுபோல ஒருவர் நாள்தோறும் நடந்துகொள்ளும் போக்கு. வள்ளுவர் அதற்கு எதிராக வைக்கும் சொல் இழுக்கம். 415ஆம் குறளில் 'இழுக்கல்' என்று வருகிறதே, அது வழுக்கு நிலம். ஐப்பசி மழையில் வரப்பில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை கால் சறுக்குவது தவறு. சறுக்கியது தெரிந்தும் அதையே வழக்கமாக்கிக்கொள்வதைத்தான் நான் ஒழுக்கக்கேடு என்பேன்.

நாகப்பட்டினத்திலிருந்து: பாவமும் குற்றமும் ஒன்றா?

இல்லை. பாவம் சமயத்தின் சொல். இன்றைய வழக்கில் குற்றம் சட்டத்தின் சொல்.

கும்பகோணத்திலிருந்து: 'ஒழுக்கங்கெட்டவள்' என்று பெண்ணை மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

நியாயமான கோபம், அம்மா. குறளில் ஒழுக்கமுடைமைக்கு அடுத்த அதிகாரமே 'பிறனில் விழையாமை'. அங்கே திட்டு வாங்குவது பிறன் மனைவியை நாடும் ஆண்தான். நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவிலும் தண்டனை ஆணுக்குத்தான், ஆனால் கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்று இருந்தது. மனைவியை உடைமையாகப் பார்த்த சட்டம் அது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்று பிறன் மனைவியை நாடுவது சிறைக்கு அனுப்பும் குற்றமில்லை, விவாகரத்துக்குக் காரணமாகலாம்.

மயிலாடுதுறையிலிருந்து: ஊர் வழக்கத்தை மீறுவது ஒழுக்கக்கேடு ஆகாதா?

எந்த வழக்கம், தம்பி? நம் தஞ்சைப் பண்ணைகளில் கூலியாட்களுக்குச் சாணியைக் கரைத்துப் புகட்டும் சாணிப்பாலும் சவுக்கடியும்கூட வழக்கமாகத்தான் இருந்தன. எதிர்த்துக் கேட்ட பண்ணையாட்களுக்குத்தான் திமிர்பிடித்தவர்கள் என்று பெயர். அவர்கள் விடாமல் போராடியதால்தான் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடித்தவர்கள்தான் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று எனக்குச் சொல்லத் தயக்கமே இல்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: எங்கள் முறைத்தண்ணீர் நாளில் மேலே இருக்கிற ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக மடையை அடைத்துவிடுகிறார். கேட்டால், 'பார்த்தாயா?' என்கிறார்.

பாசனத் தண்ணீரை முறைகேடாகத் தடுப்பது சட்டப்படியும் குற்றம்தான். ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று அவர் சொல்கிறார் பாருங்கள், இழுக்கம் அங்கேதான் இருக்கிறது. கடைமடையில் உங்கள் பயிர் காய்வது அவருக்குத் தெரியும். வழக்கு அப்புறம் இருக்கட்டும். அக்கம்பக்கத்துக் கடைமடைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பகலிலேயே போங்கள். காய்ந்த பயிரில் ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு போய், அவர் திண்ணையில் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.