பக்கவாதம் வந்த மாமியாரைத் தனி ஆளாகத் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். அத்தைக்கு இடது பக்கம் வாதம். பகலில் நான் ஒருத்திதான். அவருக்கு இடுப்புப் பக்கம் சிவக்கிறது, எனக்கு முதுகு வலிக்கிறது. எப்படித் திருப்புவது?

முதலில் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போடுங்கள். கோத்தகிரிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ் நான். எஸ்டேட் லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) கட்டில் சுவரோடு ஒட்டியே கிடக்கும். இடம் இல்லைதான்; பீரோவை நகர்த்தியாவது இரண்டு பக்கமும் நிற்க வழி செய்யுங்கள். உங்கள் முதுகுவலிக்குப் பாதி மருந்து அதுவே.

அடுத்து, பழைய எட்டு முழ வேட்டி. இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி அவருக்கு அடியில் குறுக்கே விரியுங்கள். இனி இழுப்பதெல்லாம் வேட்டியைத்தான், ஆளை அல்ல. ஆளை இழுத்தால் தோல் மெத்தையில் ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் நகரும், நடுவில் ரத்தக் குழாய்கள் கசங்கும். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்குகிறது. வாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும்.

வலப்பக்கம் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். "அத்தை, திரும்பப் போறோம்" என்று சொல்லிவிடுங்கள். அவருடைய இடப்பக்கம் நின்று வேட்டியோடு உங்கள் பக்கம் நகர்த்துங்கள். நீங்கள் சுற்றி வருவதற்குள் சரியாமலிருக்க, அந்த ஓரத்தில் நாற்காலியின் முதுகை ஒட்டி வையுங்கள். வலப்பக்கம் வந்து, முகத்தை உங்களை நோக்கித் திருப்பி, இடது கையைத் தாங்கி மார்பின் மேல் வைத்து, இடது முழங்காலை மடியுங்கள். வேட்டியின் எதிர் ஓரத்தைத் தோள், இடுப்பு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்வைத்து உடம்பைப் பின்னால் சாயுங்கள். உருண்டு வந்துவிடுவார். கதீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கும் குழாய்) இருந்தால் அந்தக் குழாய் அடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, இடது கைக்கு ஒன்று. கெண்டைக்கால் அடியில் ஒன்று வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆல்பா பெட் (கரண்டில் காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை) வாங்கினாலும் இப்படி மாற்றுவதை நிறுத்தக் கூடாது. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் இருக்கிற லட்சணம் தெரியுமே.

சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் ஆரம்பம். மாநிறத் தோலில் நிறம் சரியாகத் தெரியாமல் போகலாம். சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊரில் உடனே தைலத்தை எடுத்துத் தேய்க்கிறார்கள். தேய்க்காதீர்கள், உள்ளே இன்னும் நசுங்கும். குளிருக்கு வெந்நீர்ப் பையை உணர்ச்சியில்லாத காலருகே வைப்பதும் வேண்டாம்; வெந்தாலும் அவருக்குத் தெரியாது. கம்பளியைப் பாதத்தின் மேல் இறுக்கிச் செருகாதீர்கள். ஜூலை மூட்டத்தில் துணி காயாது, வேட்டி நாலைந்து சேர்த்து வையுங்கள்.

2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி, நோய் தணிப்புச் சிகிச்சை இரண்டும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிட்டு, அவர்கள் வரும்போது நீங்கள் திருப்புவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: அத்தை விழுந்து இடுப்பிலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருந்தால் மேலே சொன்ன எதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.