மகனை அழைத்துச் சென்ற உளவாளி

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தம்பதியாக நடித்து வாழும் சோவியத் உளவாளிகள் பிலிப், எலிசபெத்தின் கதையைச் சொல்லும் 'தி அமெரிக்கன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவம் என்னைக் கட்டிப்போட்டது. அதே வேகத்தை எதிர்பார்த்து இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தைப் பார்த்தேன். குண்டடிபட்ட எலிசபெத் குணமாகி வீடு திரும்புகிறாள். பிள்ளைகளோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறார்கள். மகள் பேஜ் பெற்றோரின் படுக்கையறைக் கதவைத் திறந்துவிடுகிறாள். உளவுக் கதைக்குள் இவ்வளவு குடும்பக் கதை எதற்கு? மேற்கொண்டு பார்க்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

2014 பிப்ரவரியில் ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தில், நீங்கள் குடும்பக் கதை என்று ஒதுக்கும் இடத்தில்தான் உளவு நடக்கிறது. பூங்காக் காட்சியை மறுபடி பாருங்கள். எம்மெட்டும் லியானும் பிலிப், எலிசபெத்தைப் போலவே சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. அனுப்பிய தம்பதி; அவர்களுக்கும் ஒரு மகன், ஒரு மகள். தன்னை யாரோ பின்தொடர்வதாக அஞ்சும் எம்மெட், தான் வாங்கவேண்டிய தகவலைப் பிலிப்பை வாங்கச் சொல்கிறான். கூடவே ஒரு சிறுவன் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பிலிப் தயங்குகிறான், பிறகு தன் மகன் ஹென்றியை அழைத்துச் செல்கிறான். தன் தந்தையோடு நடப்பதாக மட்டுமே அந்தப் பையன் நினைத்துக்கொண்டிருக்கிறான். துப்பாக்கிச் சத்தம் எதுவும் இல்லாத இந்தக் காட்சியில் எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

அதற்குச் சற்று முன்புதான் பிலிப் ஓர் உணவகத்தில் ஆப்கானியர்களைக் கொன்றுவிட்டு, அதைப் பார்த்துவிட்ட இளம் பணியாளனையும் சுட்டிருந்தான். யாரோ பெற்ற பிள்ளை அவன். பிறகு விடுதி அறையில் எம்மெட், லியான், அவர்களுடைய மகள் மூவரும் பிணமாகக் கிடக்கிறார்கள். நீச்சல் குளத்துக்குப் போயிருந்த மகன் ஜாரெட் திரும்பி வந்து அலறுகிறான். முதல் பருவத்தில் பிலிப்பும் எலிசபெத்தும் தங்கள் உயிருக்கு அஞ்சினார்கள். இந்த அறையைப் பார்த்த பிறகு அந்த அச்சம் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடுகிறது. பேஜ் கதவைத் திறக்கும் காட்சியும் எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. அம்மா ஏன் இத்தனை நாள் வீட்டில் இல்லை என்று துருவத் தொடங்கிவிட்ட பெண் அவள்.

தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர். 2010 ஜூனில் அமெரிக்காவில் பத்து ரஷ்ய உளவாளிகள் கைதானதே தொடருக்குத் தூண்டுகோல். அவர்களில் ஆந்திரேய் பெஸ்ருகோவும் எலேனா வாவிலோவாவும் கனடியர்களாக நடித்து மாசசூசெட்ஸில் வாழ்ந்தவர்கள். மூத்த மகனின் இருபதாவது பிறந்தநாளன்று அவர்கள் வீட்டுக்குள் எஃப்.பி.ஐ. நுழைந்தது. பெற்றோரின் உண்மைப் பெயரே தெரியாமல் வளர்ந்ததாக மகன்கள் பின்னர் கூறினார்கள். இருவரும் டொராண்டோவில் பிறந்தவர்கள். கனடா அவர்களுடைய குடியுரிமையை மறுத்தது. இளையவர் வழக்காடி, 2019 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் அதை உறுதிசெய்துகொள்ள முடிந்தது. பெற்றோர் கைதிப் பரிமாற்றத்தில் சில நாட்களிலேயே விடுபட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு ஒன்பதாண்டுகள் பிடித்தன.

கட்டாயம் மேலே பாருங்கள். மொத்தம் பதின்மூன்று அத்தியாயங்கள். ஜாரெட் வரும் காட்சிகளை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கடைசி அத்தியாயம் வரை பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அவனைப் பற்றி விரிவாகப் பேசலாம்.