ஃபார்மேட் பண்ணியும் ப்ளூ ஸ்க்ரீன் விடலையா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என் டெஸ்க்டாப்ல 8 ஜி.பி. ரேம் இருந்துச்சு, போன மாசம் இன்னொரு 8 ஜி.பி. வாங்கி பக்கத்துல சொருகினேன். அதுல இருந்து டெய்லி ரெண்டு மூணு தடவை ப்ளூ ஸ்க்ரீன், நீலத் திரையில எரர் காட்டி விண்டோஸ் நின்னுடுது. ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட்னு வருது, அடுத்த தடவை பேஜ் ஃபால்ட்னு வருது, இன்னொரு தடவை ஐ.ஆர்.க்யூ.எல்.னு என்னமோ வருது. ரெண்டு தடவை ஃபார்மேட் பண்ணியாச்சு, ரெண்டாவது தடவை இன்ஸ்டாலே பாதியில நின்னுடுச்சு. வைரஸா இருக்குமா?

பதில்: தயவுசெஞ்சு மூணாவது தடவை ஃபார்மேட் பண்ணிடாதீங்க. டிரைவர் (ஒவ்வொரு பார்ட்டையும் விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) கோளாறுன்னா பெரும்பாலும் அதே எரர், அதே ஃபைல் பேரோட திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் வருது, இன்ஸ்டாலும் நடுவுல நிக்குது, அதுவும் புது ரேம் போட்டதுக்கு அப்புறம்தான் எல்லாமே, அப்போ முதல் சந்தேகம் ரேம் மேலதான். ரேம்ல ஒரே ஒரு பிட் 0 இருக்க வேண்டிய இடத்துல 1 ஆயிட்டா, அந்த நேரம் அந்த இடத்துல என்ன இருக்கோ அது கெட்டுப்போகும், அது விண்டோஸா இருக்கலாம், பிரவுசரா இருக்கலாம், நீங்க சேவ் பண்ணிட்டு இருக்கிற போட்டோவாவும் இருக்கலாம்.

எனக்கு அந்த போட்டோ விஷயம்தான் பெரிய கவலை. கிராஷ் ஆனா கண்ணுக்குத் தெரியுது, ஃபைல் சத்தமில்லாம கெட்டா யாருக்குத் தெரியும்? என் பழைய மெஷின்ல ஒரு பெரிய ஜிப் ஃபைலை விரிச்சா சி.ஆர்.சி. எரர்னு, அதாவது உள்ள இருக்கிற டேட்டா சரிபார்ப்புல ஒத்துப்போகலைன்னு வந்துச்சு, மறுபடி விரிச்சா இந்த தடவை உள்ள வேற ஒரு ஃபைல்ல எரர், அதே ஜிப்பை வேற கம்ப்யூட்டர்ல போட்டா சுத்தமா விரியுது. அப்போதான் ரேம்னு புரிஞ்சுது, அதுக்குள்ள அந்த மெஷின்ல காப்பி பண்ணி வச்சிருந்த எத்தனையோ படத்துல பாதி சாம்பல் கலர் பட்டையா ஆயிடுச்சு. அதனால டெஸ்ட் முடியிற வரைக்கும் இந்த மெஷின்ல எதையும் மூவ் பண்ணாதீங்க, பழைய பேக்கப் மேல எழுதவே எழுதாதீங்க.

இப்போ வேலைக்கு வருவோம். ஷட்டவுன் பண்ணி, பவர் கேபிளை உருவிட்டு, பவர் பட்டனை சில நொடி அமுக்கிப் பிடிங்க, மிச்ச கரண்ட் இறங்கிடும். கேபினட்டோட பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு புது ரேமை எடுத்து வைங்க, பழசை மட்டும் விட்டு ஓட்டிப் பாருங்க. விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கு, ஸ்டார்ட் மெனுல தேடினா வரும், டெஸ்ட் ஓடும்போது எஃப்1 அமுக்கி எக்ஸ்டெண்டெட் செலக்ட் பண்ணிக்கோங்க. அது பாஸ்னு சொன்னாலும் நான் நம்பி விட மாட்டேன், மெம்டெஸ்ட்86ங்கிற ரேம் டெஸ்ட் சாஃப்ட்வேரை பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ராத்திரி முழுக்க ஓட விடுவேன், இலவச பதிப்புல 4 பாஸ், அதாவது முழு டெஸ்ட் 4 சுத்து வரைக்கும் ஓடும். சிவப்புல ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், ஒண்ணுதானேன்னு விடக்கூடாது.

அப்புறம் அதே ஸ்லாட்ல புது ரேமை மட்டும் போட்டு அதே டெஸ்ட். ரேம் குச்சியில இருக்கிற வெட்டு ஸ்லாட்டோட பொருந்தணும், ரெண்டு முனையும் அமுக்கினா கிளிப் டக்குனு சத்தம் கேட்கணும், பாதி உட்கார்ந்த ரேமே பல பேருக்கு பிரச்சனை. எந்த ஸ்லாட்ல போட்டாலும் புதுசு மட்டும் ஃபெயில்னா ரேம் போச்சு, பில் வச்சு வாரண்டில மாத்துங்க. ரெண்டு ரேமும் ஒரு ஸ்லாட்ல மட்டும் ஃபெயில்னா மதர்போர்டைப் பாருங்க. தனித்தனியா நல்லா ஓடி சேர்ந்தா மட்டும் கிராஷ்னா பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ்) எக்ஸ்.எம்.பி.யை, அதாவது ரேமை கூடுதல் வேகத்துல ஓட்டுற செட்டிங்கை ஆஃப் பண்ணிப் பாருங்க, வேற வேற கம்பெனி ரேம் ஒண்ணா அந்த வேகத்துல ஓடாம முரண்டு பிடிக்கிறது சகஜம். வேகம் கொஞ்சம் குறையும், ஆனா மெஷின் நிக்காது.

கேள்வி: கேம் ஆடும்போது ப்ளூ ஸ்க்ரீன் எதுவும் இல்லாம டப்புனு ஆஃப் ஆகுது. விண்டோஸ் எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு இருக்கு. அப்படின்னா என்ன?

பதில்: அந்த 41, ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம மெஷின் நின்னுச்சுன்னு மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எரர் எதுவும் காட்டாம ஆஃப் ஆனா நான் முதல்ல சூட்டையும் பவர் சப்ளையையும்தான் பார்ப்பேன். கேம் ஓடும்போது டெம்பரேச்சர் பாருங்க, பிராசஸர் 100 டிகிரி கிட்ட போகுதுன்னா தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாத்துங்க. சூடு சாதாரணமா இருந்தா வேற நல்ல எஸ்.எம்.பி.எஸ். (அதான் பவர் சப்ளை பெட்டி) ஒண்ணைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்க. 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவுல நிக்கணும், லோடு ஏறும்போது அதுக்குக் கீழ விழுந்தா எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும். அதைத் திறந்து மட்டும் பார்க்காதீங்க, கேபிளை உருவின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்கும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ரேமோட தங்கக் கலர் பகுதியை ரப்பர் வச்சுத் தேய்க்கலாமா?

பதில்: அழுக்கு போய் மெஷின் எழுந்துக்கும், உண்மைதான். ஆனா அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, அழுத்தித் தேய்ச்சா அதுவும் போயிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச நூல் உதிராத துணியால துடைச்சு, நல்லா காஞ்சதும் மாட்டுங்க. ரப்பர்தான் கையில இருக்குன்னா லேசா ஒரு தடவை, ஸ்லாட்டை விட்டுத் தள்ளி வச்சு, துகள் உள்ள விழாம.