சட்டக் கேள்வி பதில்: கணவர் மதம் மாறினால்

கேள்வி: எங்கள் திருமணம் 2013-இல் பதிவானது. கணவர் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார். ஷரியா நீதிமன்றத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. திருமணம் ரத்தாகிவிட்டதா? பிள்ளைகளையும் மாற்றிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, பேராக்

பதில்: ரத்தாகவில்லை. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டப்படி பதிவான திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு மட்டுமே. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரம் முஸ்லிம்களோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எதிலும் கையெழுத்திடாமல் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

விவாகரத்து வேண்டுமென்றால் 51-ஆவது பிரிவில் மனுச் செய்யுங்கள். இதற்குச் சமரசக் குழுவிடம் போக வேண்டியதில்லை. ஆனால் மதம் மாறிய நாளிலிருந்து 3 மாதம் முடிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியவந்த நாள் கணக்கில் வராது. இதேபோல் கணவர் மதம் மாறிய சுபாஷினியின் வழக்கில், மதமாற்றச் சான்றிதழில் இருந்த தேதி 2006 மே 18. மனுப் போட்டது ஆகஸ்ட் 4. இரண்டு வாரம் முந்திப்போனதால் அந்த மனு செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்றிதழைப் பார்க்காமல் மனுப் போடாதீர்கள். 2018 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தப்படி, மதம் மாறியவரும் இதே பிரிவில் மனுச் செய்யலாம் என்பதால், உங்கள் கணவரே முந்திக்கொள்ளவும் கூடும்.

பிள்ளைகள் விஷயத்தில் தாமதிக்கவே கூடாது. கணவர் மதம் மாறிய இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் 2018 ஜனவரி 29 அன்று, பிள்ளையை மதம் மாற்றத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பானது. மேலே சொன்ன சட்டத்திருத்தத்தில் இதைச் சேர்க்க இருந்த 88ஏ பிரிவு கைவிடப்பட்டதால், இன்று உங்களுக்குப் பிடிமானம் இந்தத் தீர்ப்புதான். அதே தாய், 2009-இல் தந்தை தூக்கிச் சென்ற 11 மாதக் குழந்தைக்காக, நீதிமன்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். பிள்ளைகள் உங்களிடம் இருக்கும்போதே, அவர்கள் உங்கள் பொறுப்பிலேயே இருக்கும்படி இடைக்கால உத்தரவு கேளுங்கள். 7 வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தில்தான் நீதிமன்றம் தொடங்கும். பிறப்புச் சான்றிதழ்களின் அசலைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: மதம் மாறிய அண்ணன் விவாகரத்துக்கு முன்பே போன ஆண்டு இறந்துவிட்டார். வீட்டில் அண்ணிக்குப் பங்கு உண்டா?
– வாசகர், கிள்ளான்

பதில்: கேட்க உரிமை உண்டு. அதே 1976 சட்டத்தின் 51ஏ பிரிவின்கீழ், மணவாழ்வில் சேர்ந்த சொத்தைப் பிரித்துத் தரும்படி அண்ணி உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். யார் எவ்வளவு போட்டார்கள், குடும்பத்துக்காக எப்படி உழைத்தார்கள், பிள்ளைகளின் தேவை என்ன என்று நீதிமன்றம் பார்க்கும். வீட்டுக் கடன் கட்டிய ரசீதுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் இப்போதே திரட்டச் சொல்லுங்கள்.