வக்கீல் கட்டணம் எவ்வளவு ஆகும்?

"வக்கீல் வைத்தால் எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே தொகையாகச் சொல்ல முடியாது. விவகாரம் எந்த வகை என்பதைப் பொறுத்து, கணக்குப் போடும் முறையே மாறும்.

உயில், ஒப்பந்தப் பத்திரம், இருவரும் சம்மதித்துப் பெறும் விவாகரத்து போன்றவற்றில் வேலை எவ்வளவு என்று வக்கீலுக்கு முன்பே தெரியும். மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்துவிடலாம்.

சொத்துத் தகராறும், குழந்தை யாரிடம் வளர்வது என்ற சண்டையும் வேறு கதை. எதிர்த்தரப்பு எவ்வளவு இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதும் உண்டு. அப்படி வாங்குபவர்களில் பலர் ஒரு மணி நேரத்தை 6 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கு எழுதுவார்கள். 2 நிமிட போன் பேச்சும் ஒரு துண்டுதான்! தோன்றும்போதெல்லாம் கூப்பிடாமல், கேள்விகளைச் சேர்த்து ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். என்னைக் கேட்டால், ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுப்பதுதான் பெரிய மிச்சம்.

விபத்து இழப்பீட்டில், ஜெயித்தால் மட்டுமே கட்டணம், அதுவும் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு என்ற ஏற்பாடு அமெரிக்காவில் சகஜம். இந்தியாவில் வக்கீல்கள் அப்படிப் பேச விதி இடம் தருவதில்லை.

குற்ற வழக்கு என்றால் பெரும்பாலும் முன்பணம் கேட்பார்கள். பேசிய தொகை ஜாமீனுக்கு மட்டுமா, விசாரணை முடியும் வரைக்குமா என்று தெளிவாகக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம். வசதி இல்லையென்றால் அரசின் இலவச சட்ட உதவி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு, நிபுணர் சாட்சிக்கான பணம் எல்லாம் பொதுவாக வக்கீல் கட்டணத்தில் சேராது. எது அடக்கம், எது தனி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.